இருபத்தொன்பது பூச்சியங்கள்

“பூச்சியத்தைத் தேடவோ பிள்ளை இந்தப் பாடு? இல்லாததைப் போய்த் தேடுறியளே!”

“இருக்குதக்கா. இந்த எல்லைக்குள்ள இருபத்தொன்பது இருக்கெண்டு சூத்திரம் சொல்லுது. ஒண்டு குறைஞ்சாலும் நான் விடமாட்டன்.”

கலிஸ்ரா அன்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். 1998 மார்ச் 12, ஜெயபுரத்தில், பட்டப்பகலில் எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அவள் நாயாற்றுக் கடற்கரைப் பெண். போரில் இடம்பெயர்ந்து எங்கள் ஊருக்கு வந்த இடத்தில் என் கணவர் சுதாகரனின் கணித ஆய்வுக்கு உதவினாள். எல்-சார்பு என்னும் கணிதச் சார்பு ஒன்றின் பெறுமானம் எங்கெங்கே பூச்சியமாகிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வு. கணினி இல்லை, மின்சாரமும் இல்லை. மடக்கை அட்டவணையோடு கையாலேயே கணித்தாள். பெறுமானம் நேரிலிருந்து மறைக்கு மாறினால் இடையில் ஒரு பூச்சியம் இருக்கும். அதை நெருங்கி நெருங்கிப் பிடிப்பாள். இருவரும் தலை முட்ட ஒரே கொப்பியைப் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஜனவரியில் மலேரியா அவளைக் கொண்டுபோனது. சாவதற்கு முதல்நாள் என்னிடம் மட்டும் ஒன்று கேட்டாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. செத்தவீட்டுக்கும் போகவில்லை.

மார்ச் 12, முற்பகல் 11.40. பிற்பகல் செஞ்சிலுவை வாகனத்தில் கணவரின் ஆய்வுக் கட்டுரை போகவேண்டும். தன் குறிப்புகளைப் பார்த்து நல்ல பிரதி எழுதச் சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போயிருந்தார். மேசையில் அவற்றின் மேல் கலிஸ்ராவின் நீலக் கொப்பி. புதுத் தாளின் முகப்பில் கணவரின் பெயரை மட்டும் எழுதினேன். பிறகு பூச்சியங்களை வரிக்கு ஒன்றாகப் பார்த்து எழுதினேன்.

எண்ணினேன். இருபத்தெட்டு.

12.05. விடுபட்டதைச் சேர்த்தேன். மறுபடி எண்ணினேன். இருபத்தேழு...

கிறீச்... கிறீச்...

பென்சில் சத்தம். என் கையில் இருந்தது பேனை.

தாளில் மணல். எங்கள் ஊர் மண் சிவப்பு. இது வெள்ளை... ஈரம்... கடல் மணல்.

12.14. ஒன்பது.

12.15. ஒன்றுகூட இல்லை. கணவரின் பெயர் மட்டும்...

அதுவும் மங்கத் தொடங்கியது.

சைக்கிள் மணி. அவர் உள்ளே வந்தார்.

“என்னப்பா, ஒண்டும் எழுதேல்லையோ?”

“நீலக் கொப்பியைப் பார்த்து எழுதினனான்...”

அவர் முகம் வெளிறியது.

“எந்த நீலக் கொப்பி? கலிஸ்ராவின்ர தாய் அருளம்மா அதை அவளின்ர சவப்பெட்டிக்குள்ள வைச்சுத்தானே மூடினவா. நான் பக்கத்தில நிண்டனான்.”

மேசையைப் பார்த்தேன். கொப்பி இல்லை. மணல் மட்டும்.

“குளிருதப்பா...” என்றார் அவர். உச்சி வெயில். அவர் பற்கள் அடித்துக்கொண்டன. கதிரையில் சரிந்தார்.

கிறீச்...

தாளில் அவர் பெயரின் கடைசி எழுத்து மட்டும்தான் மிச்சம்.

“விடடி அவரை!” கத்தினேன். “சொல்லிப்போடுறன்... இஞ்சாருங்கோ, அவள் கேட்டவள்... ‘கட்டுரையில என்ர பேரையும் போடச் சொல்லுங்கோ அக்கா’ எண்டு கேட்டவள்!”