காலிப் பையோடு ஒரகடம்

செவ்வாய்க்கிழமை மாலை நாசரேத்தில் ரயில் ஏறும்போது என் கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் மாற்றுச் சேலை, வேதப்புத்தகம், மகளுக்குப் பிடித்த முந்திரிக்கொத்துப் பலகாரம். மற்றது ஜிப் வைத்த பெரிய பை; அதில் ஒன்றுமே இல்லை. திரும்பி வரும்போது அதில் மகளுடைய துணிமணி, போர்வை, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு, அவளையும் கையோடு கூட்டிவந்துவிடுவது என் திட்டம். இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

மகள் ஜெனி ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தகடு வளைக்கும் பிரஸ் மெஷினில் வேலை பார்க்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் கையுறை மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்கள் கிழிந்துவிட்டன. தையல் போட்டு, காயம் ஆறிவிட்டது. பயம்தான் ஆறவில்லை. போன வாரம் இரண்டு தடவை கம்பெனி பஸ்ஸின் படியில் கால் வைத்துவிட்டு, இறங்கி அறைக்கே திரும்பிவிட்டாள். புதன்கிழமை இரண்டாம் ஷிப்டுக்கும் வராவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ராத்திரி முழுக்க, 'ஆண்டவரே, பிள்ளைக்குத் தைரியம் கொடும்' என்று ஜெபித்துக்கொண்டே வந்தேன். காலிப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு செய்த ஜெபம்!

புதன் காலை பத்து மணிக்குத் தாம்பரம். மேற்குப் பக்கம் பஸ் பிடித்தேன். சாதாரண பஸ் என்பதால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லாமல், உட்கார இடமில்லையே என்று படப்பை வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். சேரப்பணஞ்சேரியில் இடம் கிடைத்தது. அதற்கப்புறம் பார்த்தால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் முடிவே இல்லாத மதில் சுவர். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு லாரிகள் போகின்றன. பெட்டிக்கடையும் பிரியாணிக் கடையும் போக மிச்சமிருந்த சுவரிலெல்லாம் லேடீஸ் ஹாஸ்டல் விளம்பரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கி, வடக்குப்பட்டுக்கு ஷேர் ஆட்டோ. இருபது ரூபாய். ஓட்டுநர் என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இம்மாம் பெரிய பை, வெயிட்டே இல்லியே?"

"காலிப் பைதான்யா."

"காலிப் பைக்கா ஒரு ஆள் எடத்த அடைச்சினு வர்றே? மடிச்சி மடில வச்சிக்கோம்மா!"

ஆட்டோவே சிரித்தது. நான் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஜெனியின் அறை ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில். கூட இருக்கும் பிள்ளைகள் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். படியேறும்போதே அவள் குரல் கேட்டது. போனில் பேசுகிறாள் என்று நினைத்து, ஒருக்களித்த கதவு வழியே பார்த்தேன். போன் கட்டிலில் கிடந்தது. அவள் வெறும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வலது கை விரலை நீட்டி நீட்டிப் பேசினாள்.

"காய்ச்சலோட பரீட்சை எழுதினேன், பாஸ். ஓகே. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தன்னைக்கு உடனே ஆட்டோ கிடைச்சுது. ஓகே. மொட்டை மாடி, ரெண்டு ராத்திரி. ஓகே. விரலு பத்தும் இருக்கு. ஓகே."

பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ? கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டேன்.

"எட்டி, யாருட்ட பேசுத?"

"எங்கிட்டதாம்மா!" என்று சிரித்தாள். "கம்பெனிக்குள்ள மஞ்சக் கோடு போட்டிருப்பாவ. அதத் தாண்டும்போது நின்னு, விரலை நீட்டி, வலது ஓகே, இடது ஓகேன்னு சத்தமாச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா செல்லாது. விரலு காட்டி, வாய் சொன்னாத்தான் கண்ணு ஒழுங்காப் பாக்குமாம்."

"இங்க என்ன கோடு இருக்கு?"

"நான் பயத்தத் தாண்டணும்லாம்மா. மனசு சும்மா இருந்தா மெஷின் சத்தத்தையே நெனைக்கி. அதான் கர்த்தர் இதுவரைக்கும் செஞ்சத ஒண்ணொண்ணா நீட்டிக் காட்டி, எனக்கு நானே சொல்லிக்கிடுதேன்."

நானும் எனக்குள் பேசுகிறவள்தான். ஆனால் 'என்ன ஆகுமோ, ஏது ஆகுமோ' என்பதைத் தவிர வேறு வசனம் எனக்கு வராது.

அதற்குள் அவள் பையைப் பார்த்துவிட்டாள். ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.

"இது எதுக்கும்மா? என்னை அள்ளிட்டுப் போகவா?"

முந்திரிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன். வேறு என்ன செய்வது?

ஒன்றேகால் மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்தது. நீலச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். ஜெனி கடைசி. படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிடித்த கம்பியை விடவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். 'வாட்டி மக்ளே, ஊருக்குப் போயிருவோம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன்.

"மொட்டை மாடி!" என்று கத்திவிட்டேன்.

தாமிரபரணி வெள்ளம் வந்த வருஷம் நாங்கள் மூன்று பேரும் மொட்டை மாடியில் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு ராத்திரி இருந்தோம். குக்கரில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தோம். மூன்றாம் நாள் படகு வந்தது. பிழைப்போம் என்று அன்றைக்கு நான் நம்பவே இல்லை. ஆனாலும் பிழைத்தோம்.

ஜெனி திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக, தையல் தழும்பு இருந்த விரலை என்னைப் பார்த்து நீட்டினாள்.

"மொட்டை மாடி ஓகே!"

ஏறிவிட்டாள். பஸ் திரும்பி மறையும்வரை நின்றேன்.

அறைக்கு வந்ததும் என் பழைய வசனம் தொடங்கியது. பஸ் ஏறினாலும் மெஷின் முன்னால் மயங்கிவிட்டால்? சுவரைப் பார்த்து நின்றேன். கூச்சமாகத்தான் இருந்தது. விரலை நீட்டி, "ஓசி பஸ். ஓகே" என்றேன். முதலில் அதுதான் வந்தது. அப்புறம் குறைப்பிரசவத்தில் பிறந்த ஜெனி, வீட்டுக்காரரின் நெஞ்சு, வெள்ளத்தில் வந்த படகு என்று ஒவ்வொன்றாக வந்தன. அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு, டீ இடைவேளையில், போன் வந்தது.

"அம்மா, மெஷின் ஓடுது! மொதத் தகட்டுக்குக் கை நடுங்கிச்சு. ரெண்டாவதுக்கும் நடுங்கிச்சு. பெறவு பயப்பட மறந்துட்டேன்."

அப்பாடா! இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒரே நொடியில் இறங்கியது. கீழே போய் முட்டை பிரியாணி வாங்கி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மாலை தாம்பரம் நடைமேடையில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் ஆண்டவர் செய்ததை எண்ணிப்பார்க்க வருஷக் கடைசி ஆராதனை வரை காத்திருப்போம். இங்கே என் பிள்ளை ஷிப்டுக்கு ஷிப்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். ரயில் வருவதாக அறிவித்தார்கள். எழுந்து, பெரிய பையை எடுத்து உதறி மடித்தேன். பக்கத்திலிருந்தவர்கள் பார்க்கத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும். விரலை நீட்டிச் சத்தமாகவே சொன்னேன்:

"பை காலி. ஓகே."