செல்வநாதர் சாமியாரின் சனிக்கிழமை

"சாமி, நேத்து மீனை இன்னிக்கு மீன்னு சொல்லி வித்துட்டேன். வாங்குன அம்மாவும் நல்லாத்தான் கீதுன்னாங்கோ. இது பாவத்துல சேருமா?"

இப்படிக் கேட்கிறவர் செல்வநாதர் சாமியார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டிருக்கிறார். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பவர் லூயிஸ் பிரதர். அடுத்த வருஷம் குருப்பட்டம் வாங்கப்போகிறவர்.

"எத்தனை தரம் வித்தீங்க?" என்கிறார் பிரதர்.

சாமியார் மண்டியிட்டபடியே வேஷத்தைக் கலைக்கிறார். "அதுக்குள்ள ஏன்டா கணக்குக் கேக்கிற? இந்த ஒரு வார்த்தையை எடுக்க அவ எவ்வளவு நேரம் வரிசையில நின்னாளோ! முதல்ல மூச்சு விடட்டும்." சொல்லிவிட்டு மறுபடி மீன்காரி ஆகிவிடுகிறார்.

ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குருமடத்தில் நடக்கிற பாடம் இது. குருவானவர்கள் பட்டம் பெற்றபின், சனங்கள் வந்து ரகசியமாகச் சொல்லும் பாவங்களைக் கேட்டு, புத்தி சொல்லி, அபராதமாகச் சில ஜெபங்களை விதித்து, மன்னிப்பு வழங்கவேண்டும். கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. அதற்குத்தான் இந்த ஒத்திகை. பாவி வேஷம் எப்போதும் சாமியாருக்குத்தான். துறைமுகத்தில் கரி தூக்குகிறவனாக வருவார். குடித்துவிட்டு அம்மாவை அடித்தவனாக வருவார். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகன் அவர். லத்தீன் கற்றுக்கொடுக்கிற அதே வாயில் இந்தப் பேச்சு தானாக வருகிறது.

வாரத்தில் மூன்று நாள் நான் அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். நான் கிறிஸ்தவன் அல்ல. எங்கள் தெருவில் முதல் பி.ஏ. என்பதால் வீட்டில் யாரும் என்னிடம் மனம்விட்டுப் பேசுவதில்லை; நானும் பேசுவதில்லை. அதனால்தானோ என்னவோ, என் வகுப்பு முடிந்தபிறகும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாமியாருக்குச் சொந்தமாக ஒரு விசாரணை, அதாவது தனக்கென்று ஓர் ஊர்க்கோயில், கிடைத்ததே இல்லை. பட்டம் வாங்கிய வருஷமே "நீ நல்லா சொல்லிக்கொடுக்கிறே, இரு" என்று நிறுத்திவிட்டார்கள். அவர் உருவாக்கியவர்கள் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இன்னும் எங்கெங்கேயோ விசாரணைச் சாமியார்களாக இருக்கிறார்கள். எப்போதாவது சைக்கிளில் வந்து கூரை ஒழுகுவதையும் திருநாள் சண்டையையும் சொல்லிச் சலித்துக்கொள்வார்கள். இவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "சனங்க வராங்களா?" என்று மட்டும் கேட்பார். குருமடத்தில் சாப்பிடும்போது பேசக்கூடாது என்பது சட்டம். சட்டத்தை நடத்துகிறவரும் அவரே. மேஜைத் தலைமாட்டில் ஒற்றையாக உட்கார்ந்து, மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் வேறு மனிதர். அன்று கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டுகளில் ஒன்று அவருடையது. போன மாதம்வரை விசாரணைச் சாமியாரின் கூண்டைவிட இங்கேதான் கூட்டம். மதியத்திலிருந்தே முகம் கழுவி, தலை சீவி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல வராந்தாவில் உலாத்துவார்.

குருமடத்துக்கு மீன் கொண்டுவரும் ஃப்ளோரா அவரை நடுமுற்றத்தில் நிறுத்திக் கேலி செய்வாள். "இன்னா சாமி, உன் கூண்டுல மண்டி போடற பலகையில ஆணி துருத்திகினு கீது, முட்டியில குத்துது. அபராதம் நீ குடுக்கறியா, ஆணி குடுக்குதா?"

"ரெண்டு பேரும் பாதிப் பாதி" என்பார். நாளைக்கே அடித்துவிடுகிறேன் என்பார். மறந்துவிடுவார்.

ஆறு மாதத்துக்கு முன் ஃப்ளோராவின் புருஷன் கட்டுமரம் கவிழ்ந்து இறந்துபோனான். போன மாதம் ஒரு நாள் ஒத்திகையில் சாமியார் விதவையாக மண்டியிட்டார்.

"எம்புருஷன் பூட்டாரு சாமி. ஊரே அழுவுது. எனக்குக் கண்ணுல தண்ணி வரல. அன்னிக்குத்தான் நல்லா தூங்குனேன்."

அந்தக் குரலைக் கேட்டு பிரதர்கள் சிரித்துவிட்டார்கள். சாமியார் கோபமாகத் திரும்பினார். அப்போது ஜன்னலுக்கு வெளியே தொப்பென்று கூடை விழுந்தது. ஃப்ளோரா நின்றிருந்தாள்.

"கூண்டுக்குள்ள சொல்றத வச்சித்தான் இங்க கூத்து கட்றியா சாமி?"

சாமியார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவள் மீனைப் பொறுக்காமலே போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை மீனவர் சந்துகளில் போதுமானதாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் கூண்டுக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும்.

படித்தவன் எடுத்துச் சொன்னால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்பி நான் ஃப்ளோராவைத் தேடிப்போனேன். "போன வருஷமும் அவர் இதே விதவையா நடிச்சார்க்கா. நானே கேட்டேன். அப்ப உங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தார். வருஷா வருஷம் நடத்துற பாடம் அது."

அவள் செதில் சீவுவதை நிறுத்தினாள்.

"அப்போ, எனக்கு அந்த கதி வர்றதுக்கு முன்னாடியே பசங்க அதுக்குச் சிரிச்சி முடிச்சிட்டாங்கோன்ற."

"போ நைனா, ஈ மொய்க்குது" என்று கத்தியை எடுத்துக்கொண்டாள்.

சாமியாரிடமே கேட்டேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அது அவங்க சொன்னது இல்லைன்னு?"

அவர் மூக்குப்பொடி டப்பியைத் திறக்காமல் கையில் உருட்டினார். "அவ சொன்னது அது இல்லேன்னு நான் சொன்னா, அவ சொன்னது வேற எதுவோன்னு ஆயிடும் தம்பி. அது அதுதான்னும் சொல்லக்கூடாது. அவ எங்கிட்ட வந்தாளா வரலையான்னுகூட நான் வாயைத் திறக்கக்கூடாது. அந்த வாசல் எனக்கு இல்ல."

இப்போதும் ஒத்திகை நடக்கிறது. பாவிகள் மட்டும் மாறிவிட்டார்கள். "சுவாமி, அடியேன் அயலானுடைய பொருளை இச்சித்தேன்" என்று புத்தகத்தில் இருப்பதுபோலச் சொல்கிறார். லூயிஸ் பிரதருக்குப் பொறுக்கவில்லை. "ராயபுரத்துல இப்படிப் பேசற பாவி யாரு சாமி?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. "எங்கியாவது இருப்பான். நீ கேளு" என்றார் சாமியார்.

சென்ற சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பின்பக்கம் நின்றேன். விசாரணைச் சாமியாரின் கூண்டுக்கு முன்னால் வரிசை வாசற்படிவரை வளைந்திருந்தது. முக்காடு போட்ட பெண்களுக்கு நடுவில் ஃப்ளோராவும் இருந்தாள். இந்தப் பக்கம் வெற்றிடம்.

செல்வநாதர் சாமியார் தலை சீவி, வழக்கமான நேரத்துக்கு வந்தார். அங்கிப் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக் குனிந்து, மண்டியிடும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். சத்தம் கோயில் முழுக்க அதிர்ந்தது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அந்தப் பலகையில் தானே மண்டியிட்டார். வலது முழங்காலை நகர்த்திப் பார்த்தார். இடது முழங்காலை நகர்த்திப் பார்த்தார். எழுந்து, படிந்திருந்த கரித்தூசியைக் கையால் துடைத்தார். பிறகு கூண்டுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில், ஆளில்லாத அந்தப் பலகைப் பக்கம் அவர் காது வைத்துக் கேட்கிற சின்ன ஜன்னல்கதவு திறக்கும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது.