நாண் கழற்றிய வில்

வில்லைப் பற்றி என்னோடு வாதாட வருகிறவர்கள் முதலில் என்னுடையதை ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும். பிறகு பேசலாம். கொக்கட்டிச்சோலையில் எங்கள் வீட்டு வளவு மூங்கிலைப் பிளந்து, நிழலில் காயவைத்து, வேப்பெண்ணெய் பூசி, நானே சீவிய வில் அது. நாண், வேலியோரத்து மருள் செடியில் உரித்த நார். அம்புகள் வாவிக்கரை நாணல். பின்னால் எங்கள் சேவலின் இறகு. கந்தோர் வேலை விட்டு வந்து, அறுவடை முடிந்த வயல் வட்டையில் ஒரு வைக்கோல் கட்டை நிறுத்தி எய்வேன். இதில் மனத்தாங்கல் சேவலுக்கு மட்டும்தான்.

கனடாவில் இருக்கும் அக்காவின் கணவர் போன முறை லீவில் வந்தபோது தன்னுடைய வில்லையும் கொண்டுவந்தார். இரண்டு நுனியிலும் கப்பி, குறிபார்க்க ஒரு கண்ணாடி, நாணை விடுவிக்க ஒரு விசை. என்னுடையதைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சாள், பந்தயம் பிடிப்பமா? நீங்க வெண்டா இது உங்களுக்கு. நான் வெண்டா உங்கட வில்ல எங்கட வீட்டுச் சுவரில மாட்டுவன்."

"ஓம், வாங்க" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

ஆளுக்குப் பத்து அம்பு. பொய் சொல்வானேன், அவர் ஒன்பது அடித்தார், நான் ஏழு. அவருடைய வில்லையும் வாங்கி இழுத்துப் பார்த்தேன். முழுதாக இழுத்ததும் கப்பியே பாரத்தை வாங்கிக்கொண்டது. எனக்கு அங்கே வேலையே இல்லை. என் வில்லை என் முதுகுதான் தாங்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் அம்பு காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தொல்லைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சொன்ன சொல் சொன்னதுதான். நாணைக் கழற்றிச் சுற்றி, வில்லை அவர் கையில் கொடுத்தேன்.

"எய்யாத நேரம் நாண மாட்டி வெச்சிராதீங்க மச்சான். மூங்கில் வளைஞ்சபடியே நிண்டு பெலன் போயிரும்."

தலையாட்டினார்.

மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவர் வீட்டுச் சுவரில், விளக்கின் கீழே, நாண் இறுகிய என் வில். உடனே அழைத்தேன்.

"வந்த நாளிலிருந்து அப்பிடித்தான் கிடக்கு மச்சாள். கழட்டினா வெறும் தடி. ஆருக்கு வில்லெண்டு விளங்கும்?"

போனை வைத்துவிட்டு அழுதேன். அதில் பாதி கோபம். அந்த வில் இனி ஒழுங்காக ஓர் அம்பும் எய்யாது.

அவர் விமானம் ஏறிய மறுநாளே நான் வேறு மூங்கில் வெட்டிக் காயப்போட்டிருந்தேன். அதில் செய்த புது வில்லோடு அன்று பின்னேரம் வட்டைக்குப் போய், கை வலிக்கும்வரை எய்தேன். வீட்டுக்கு வந்து நாணைக் கழற்றி, கதவு மூலையில் சாத்திவைத்தேன். வெறும் தடிதான். எனக்கு விளங்கினால் போதும்.