சிம்சோன் ஓடிய கிறிஸ்துமஸ்

பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா ஆசைப்பட்டு வாங்கிய கிரேட் டேன் நாய்க்குட்டி, அவர் குடியிருந்த வீட்டின் லிப்டுக்குள் திரும்ப முடியாத அளவுக்கு ஆறே மாதத்தில் வளர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னது நாயையா, சித்தப்பாவையா என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை தீராத விவாதம். எப்படியோ, கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தது நாய்தான்.

அப்பா அதற்கு, பைபிளில் சிங்கத்தையே கிழித்துப்போட்ட பலசாலியின் பெயரான சிம்சோன் என்று பெயர் வைத்தார். உருவத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தியது. தீபாவளி வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் நுழையப் பார்த்து, கட்டிலையே முதுகில் தூக்கிக்கொண்டு நின்ற பிறவி அது.

அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. எச்சில் வடிக்கும், வாலை ஆட்டினால் டம்ளர்கள் உருளும். "மாட்டைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள கட்டிட்டாவ" என்று முனகுவாள். முனகிக்கொண்டே சோறு பிசைந்து வைப்பாள். இவ்வளவு பெரிய நாய் சாப்பிட்டதும் ஓடினால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து, ஒரு மணி நேரம் கட்டித்தான் வைக்கவேண்டும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். கடிகாரம் பார்த்து அதைக் கடைப்பிடித்ததும் அவள்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் கண்ணயர்ந்திருந்தார்கள். சிம்சோனும் ஒரு சட்டிச் சோற்றை அப்போதுதான் முடித்திருந்தது. "படுத்தே கிடக்கே, இதுக்கு ஓடத் தெரியாதா?" என்று சித்தப்பா மகன் கேட்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

அவிழ்த்து, வீட்டுக்குப் பின்னால் விதைக்காமல் கிடந்த புஞ்சைக்கு இழுத்துப் போனேன். ஈரம் காயாத கரிசல் மண் கட்டிகட்டியாகத் தெறிக்க, அது குதிரை மாதிரி ஓடியது. அவன் வாயைப் பிளந்தான். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

திரும்ப வந்து கட்டிப்போட்ட கொஞ்ச நேரத்தில் அது வாந்தியெடுக்க முக்கியது. நுரைதான் வந்தது. முதலில் பார்த்தவள் அம்மா. "ஏங்க, இங்கன வாங்க! சிம்சோன் வயித்தப் பாருங்க!" என்று அலறினாள். வயிறு மேளம் போல விம்மியிருந்தது. சித்தப்பா மகன் மச்சுக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டான்.

நாலு பேர் சேர்ந்து லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். அம்மா காலை ஆராதனைக்குக் கோவிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு ஏறி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் ஏறிக்கொண்டேன். அப்பாவும் சித்தப்பாவும் பைக்கில் பின்னாலேயே வந்தார்கள்.

பண்டிகை நாள் என்று பாராமல் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டதும் ஓடுச்சா?" என்று கேட்டார். நான் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஆமா சார், ஓடுச்சு. நான்தான் அவுத்துவிட்டேன்" என்றாள் அம்மா.

சித்தப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "ஒங்களுக்கு இதப் பிடிக்காதுன்னு தெரியும் மதினி. அதுக்காக இப்படியா?" அம்மா முந்தானையால் நாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வாய்வழியே குழாயை இறக்கினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. "இரைப்பை முறுக்கல. பொழச்சுக்கிட்டான்" என்றார். சிம்சோன் மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மாவின் மடியிலேயே வைத்தது. ஆனால் சித்தப்பா அதற்கப்புறம் இரண்டு வருஷம் அம்மாவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏட்டி, கையக் காட்டு" என்றாள். சிம்சோன் இழுத்த இழுப்பில் சங்கிலி உரசி, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தடவினாள். "தண்ணியில வைக்காத, எரியும்."

எப்படிப் பட்டது என்று அவள் கேட்கவில்லை. அவசரத்தில் கேட்க மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, தப்பித்துக்கொண்ட சந்தோஷத்தில் மிச்சமிருந்த கேக்கைத் தின்னப் போய்விட்டேன்.