டெங்கு இல்லையாம்

இன்னைக்கு எங்க லேப்புக்கு லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தங்க மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. டெங்கு டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ்.

"காய்ச்சல் எப்ப வந்துச்சுக்கா?"

"போன ஞாயிறுங்க. கொழுந்தெடுக்கப் போகாட்டி அன்னைக்குப் பேரு போயிரும், அந்த நாள் சம்பளமும் இல்லையே, அதான் இந்த ஞாயிறு வரைக்கும் பொறுத்தோம்."

"இதுல டெங்கு ஆரம்பத்துலதான் தெரியும்க்கா. லேட்டானா, இருந்தாலும் நெகட்டிவ்னு வரலாம். நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

தலையாட்டிட்டு, வாசல்லயே புருஷனுக்குக் கோல் எடுத்தாங்க. "டெங்கு இல்லையாம். காய்ச்சலும் விட்டிருச்சு."

காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்துன்னு பின்னாலயே ஓடிச் சொன்னேன். "சரிங்க மிஸ்"ன்னு சிரிச்சுட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாம வீட்டுக்கே லுணுகலை பஸ்ல ஏறிட்டாங்க.

நெகட்டிவ்னு அடிச்சுக் கொடுத்ததே நான்தான். அதை நம்பாதீங்கன்னு எப்படிச் சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.