என் மகளின் தலைப்பெழுத்து

போன தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. பகல் பதினொன்றே கால். என் மகள் தேவகி சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, என்னை நிறுத்தி வெச்சுட்டாங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அப்போது மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு மாத்திரை. நான்கும் தரையில் உருண்டு போயின.

வெள்ளிக்கிழமை வழிபாட்டில் என்னோடு கூடிப் பாடிய அன்பர்களே, காமாட்சி அம்மையை நம்பி வாழ்கிறவர்களே! என் மகளுக்கு வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அது பாதிக் கதைதான். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதித் தரும்படி நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் தட்டிக் கழித்தேன். வெட்கம்தான் காரணம். இப்போது மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அஞ்சலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் கடிதம் பிரித்தவன். வயது எழுபத்து நான்கு. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. என் மனைவி போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு ஒரே மகள், தேவகி. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. வரன் ஏழு வந்தது, ஏழும் கூடவில்லை. பிறகு அவளே "விடுப்பா" என்று சொல்லிவிட்டாள். நிர்வாகப் படிப்பு படித்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாக நம் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாகம் பார்த்து வந்தாள்.

போன ஆவணியில் நீதிமன்ற மேலாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. மற்றது எல்லாம் மேலாளரின் தலையில். வழக்குக் கட்டுகள் எங்கே இருக்கின்றன, ஆட்கள் போதுமா, வந்தவர்கள் உட்கார இடம் உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். அந்த விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து தேவகிக்கு வேறு நினைப்பே இல்லை. வயது வரம்புக்கு ஏழு மாதம்தான் பாக்கி. "இந்த ஒரு தடவைதான்பா எனக்கு. அடுத்த தடவை கேக்கவே முடியாது" என்றாள்.

விண்ணப்பத்தில் அறுபத்திரண்டு கட்டங்கள். நான் உட்கார்ந்து பதினான்கு முறை சரிபார்த்தேன். அனுப்பிய பிறகுதான் விளம்பரத்தின் கடைசி வரி என் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் பணி அமர்த்தப்படலாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அவள் எங்கோ போய்விட்டால் நான் என்ன செய்வேன்? யார் எனக்குக் கண்ணில் மருந்து விடுவார்கள்? குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் கேட்பார்கள்? "சாப்ட்டியாப்பா?" என்று யார் கேட்பார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்று, சொல்லக் கூடாததைச் சொன்னேன். "தாயே, இந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டாம்."

பதினொரு வெள்ளிக்கிழமை இப்படியே கேட்டேன். பக்கத்தில் நின்று தேவகியும் கண்ணை மூடிக் கும்பிடுவாள். அவள் கேட்டது ஒன்று, நான் கேட்டது அதற்கு நேர் எதிர். இருவர் நெற்றியிலும் ஒரே குங்குமம்.

எழுத்துத் தேர்வில் அவள் தேறினாள். சான்றிதழ் சரிபார்க்க சென்னைக்கு அழைத்தார்கள். அங்கேதான் நிறுத்தி வைத்தார்கள். காரணம் நான்.

என் பெயர் தாமோதரன். தமிழில் எழுதினால் 'தா', ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் Damodaran என்றும் எழுதலாம், Thamodaran என்றும் எழுதலாம். தேவகியைப் பள்ளியில் சேர்க்கும்போது அவளுக்குத் தலைப்பெழுத்து D என்று எழுதிக் கொடுத்தேன். பட்டம் வரைக்கும் அதுதான். சாதிச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தபோது T என்று எழுதினேன். இரண்டும் என் கையெழுத்து. பதினான்கு முறை பார்த்தபோதும் என் கண்ணுக்கு இரண்டும் 'தா' என்றே தெரிந்தன. ஊரார் முகவரியை எல்லாம் பிழையில்லாமல் பிரித்தவன் என் பெயரில் கோட்டை விட்டேன்.

D. தேவகியும் T. தேவகியும் ஒருவரே என்று காட்ட ஐந்து வேலை நாள் கொடுத்திருந்தார்கள். இல்லாவிட்டால் அவள் பெயரை நீக்கிவிடுவார்கள்.

தேவகி அன்று மாலை வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து மாத்திரைகளைப் பொறுக்கினாள். "மூணு இருக்குது. இன்னொண்ணு எங்கப்பா?" என்றாள். நான் பதினொரு வாரம் கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். அதுவும் என் கையாலேயே கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதும் பாயிடம் போனோம். வெள்ளைத் தாடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. காகிதங்களைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல டில்லிக்குப் போடற D. இதுல டீக்கடைக்குப் போடற T. யாரு இந்த வேலை பாத்தது?"

"நான்தான் பாய்."

"ரெண்டுமே நீங்கதானா? சபாஷ்! பெரியவரே, தலைப்பெழுத்து தப்பாப் போனா தலையெழுத்தே தப்பாப் பூடும்" என்று சிரித்தார். தேவகியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அழாதம்மா. ஒரே ஆளுன்னு சான்று வாங்கணும்னா மனு போட்டு, விசாரிச்சு, எப்படியும் பதினஞ்சு நாளு ஆவும். அஞ்சு நாள்ல முடியாது. உங்கப்பா பேரை ரெண்டு விதமாவும் சேர்ந்தாப்பல எழுதின பழைய காகிதம் எதுனா இருக்குதா? பத்திரம், கோர்ட்டு கேசு, அந்த மாதிரி?"

எனக்குச் சுரீர் என்றது. இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தின் வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுச் சுவர். ஏகாம்பரம் நெசவாளி. அந்தச் சுவரில் ஒரு சாண் அகலம் யாருடையது என்று நான் அவர் மேல் வழக்குப் போட்டேன். ஒன்பது ஆண்டுகள், முப்பத்தொரு வாய்தா. கடைசியில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ராஜியில் முடிந்தது. வீட்டுப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அலுவலகத்தில் வேறு விதமாகவும் என் பெயர் இருந்ததால், எங்கள் வக்கீல் ஆங்கிலத்தில் 'தாமோதரன் என்கிற தாமோதரன்' என்று இரண்டு எழுத்தும் போட்டு எழுதியிருந்தார். நான் ஒரே ஆள்தானே, எதற்கு இந்த 'என்கிற' என்று அவரிடம் சண்டை பிடித்தது நினைவுக்கு வந்தது.

ஓடிப்போய்ப் பரணில் தேடினோம். கட்டு அகப்பட்டது. பிரித்தால் உதிர்ந்தது. கரையான் தின்று ஓரம் மட்டும் மிச்சம். தேவகி பெருக்கி அள்ளினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தனியாகக் கோயிலுக்குப் போனேன். கூட்டம் இல்லை. அம்மனைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தாயே, நான் கேட்டது தப்பு. பதினொரு வாரம் கேட்டதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அவள் எங்கே போனாலும் போகட்டும். நான் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன். என் பிள்ளையின் வயிற்றில் அடிக்காதே." அழுதேன். எழுபத்து நான்கு வயதில் சின்னப் பிள்ளை போல அழுதேன்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது யாரோ கூப்பிட்டார்கள்.

"இன்னாண்ணா, பாப்பா வேலை இன்னா ஆச்சு?"

ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் அந்த வீட்டாரோடு பேசியதில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? விழித்தேன்.

"இன்னா அப்படிப் பாக்கறீங்க? உங்க பொண்ணு டெய்லி சுவத்து மேல கொழம்பு குடுத்து வாங்கிக்கினு இருக்குது. நீங்க சாப்புடற வத்தக்கொழம்புல பாதி என்னுதுதான். பாப்பா நேத்து சொல்லிச்சு. அந்தக் கட்டோட இன்னொரு நகலு எங்க வீட்ல இருக்குதுண்ணா. எங்க வீட்டுக்காரரு சுவத்தக்கூட அப்படிப் பாத்துக்கல, கேசுக் கட்ட டிரங்குப் பெட்டியில பூட்டி வெச்சிருக்காரு. வந்து கேளுங்க. நீங்க வந்து கேட்டாத்தான் குடுப்பாரு, ஆமா."

கோயிலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும் எண்ணாமல் நடந்தேன். ஏகாம்பரம் தறியில் இருந்தார். என்னைக் கண்டதும் தறியில் அங்கும் இங்கும் ஓடிய நாடா நின்றது.

"யோவ் தாமோதரா! வழி தப்பிட்டியா? உன் வீடு அடுத்த வாசல்யா."

"கட்டு வேணும், ஏகாம்பரம்."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு என் வீட்டுப் படி ஏறின. 'எப்படி இருக்கற'ன்னு ஒரு வார்த்தை இல்ல. 'கட்டு வேணும்'!"

"எப்படி இருக்கற?"

"முட்டி வலி. நீ?"

"சர்க்கரை."

"சரி, உக்காரு. முப்பத்தொரு தபா என்னை அலைய வெச்சியே, நானும் உனக்கு ஒரு வாய்தா போட்டாத்தான் மனசு ஆறும். நாளைக்கு வா."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவர் உடனே எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அட, சும்மா சொன்னேன்யா! பாப்பாவுக்குன்னா நான் குடுக்க மாட்டேனா?" பெட்டியைத் திறந்தார். கட்டு நூல் கட்டியபடி அப்படியே இருந்தது. முதல் பக்கம், இரண்டாவது வரி. D-யும் T-யும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் அந்த 'என்கிற'.

அதோடு அவர் விடவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு எங்களோடு பாயிடம் வந்தார். உறுதிமொழிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். "எதிராளியே சாட்சிக் கையெழுத்துப் போட்டா அதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார் பாய். "ஒம்பது வருஷம் எதிர்ல நின்னு பாத்த மூஞ்சி பாய். ரெண்டு ஆளா இருந்திருந்தா நான் செத்தே போயிருப்பேன்" என்றார் ஏகாம்பரம். தேவகி மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

அன்று மாலை அந்தக் கட்டைப் புரட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "உனக்கு ஞாபகம் இருக்குதாப்பா? எனக்கு எட்டு வயசு. லீவு நாள்ல என்னையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போவ. சைக்கிள் ஸ்டாண்டுலதான் என்னை உக்கார வெப்ப. நம்ம பேரை எப்பக் கூப்புடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால நீ சாப்புட மாட்ட, தண்ணி குடிக்க மாட்ட, ஒண்ணுக்குக்கூடப் போவ மாட்ட. கதவையே பாத்துக்கினு நிப்ப. நாலு மணிக்கு வாய்தான்னு சொல்லுவாங்க. எனக்கு அந்த வேலை வேணும்பா. உன்னை மாதிரி யாரும் அப்படி நிக்கக் கூடாது."

அவள் ஏன் அந்த வேலையைக் கேட்டாள் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. கேட்காமலேயே அதைக் கெடுக்கச் சொல்லி அம்மனிடம் போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை சென்னையில் காகிதங்களை ஏற்றுக்கொண்டார்கள். மாசியில் நேர்முகத் தேர்வு. பங்குனியில் உத்தரவு வந்தது. நீதிமன்ற மேலாளர், தேனி மாவட்டம்.

தேனி! பஸ்ஸில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். உத்தரவை நான்கு முறை படித்தேன். சிரிக்கத்தான் முயன்றேன். அழுகை வந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தப் பதினொரு வெள்ளிக்கிழமையையும் சேர்த்து. கோபிப்பாள், பேசாமல் இருப்பாள் என்று நினைத்தேன்.

"அடப்பாவிப்பா! அம்மன்கிட்டயே வாய்தா வாங்கப் பாத்தியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை உட்டுட்டுப் போறேன்னு நான் எப்பப்பா சொன்னேன்? அங்க ரெண்டு ரூம்பு வீடாப் பாக்கச் சொல்லிட்டேன். நீயும் வாப்பா."

ஏழு மாதம் கவலைப்பட்டவன், அவள் போவாள் அல்லது இருப்பாள் என்று இரண்டைத்தான் எண்ணினேன். மூன்றாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தெரியவில்லை. அம்மனுக்குத் தெரிந்திருந்தது.

உங்களோடு கூடிப் பாடி மூன்று மாதம் ஆகிறது. இங்கே தேனியில் மலைக்காற்று ஒத்துக்கொள்கிறது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தேவகியின் நீதிமன்றத்தில் வாய்தா ஒன்றும் குறைந்துவிடவில்லை. அது அவள் கையில் இல்லை. ஆனால் எந்த வழக்கு காலையில், எந்த வழக்கு மதியத்துக்கு மேல் என்று ஒன்பது மணிக்கே பலகையில் எழுதி வைக்கிறார்கள். மதியத்தில் வழக்கு உள்ளவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். ஒரு பெரியவர் பலகையைப் படித்துவிட்டு, பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அவசரமில்லாமல் இட்லி சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றேன்.

அன்பர்களே, நல்லதைக் கேட்டால் அம்மன் கொடுப்பாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கெட்டதைக் கேட்டவன். பயத்தில் கேட்டேன், பாசத்தில் கேட்டேன், ஆனாலும் கெட்டதுதான். உங்களிலும் யாராவது பயத்தில் எதையாவது தவறாக வேண்டிக்கொண்டிருக்கலாம். பயப்படாதீர்கள். இந்த வெள்ளிக்கிழமையே போய் அவள் முன்னால் நின்று, "தாயே, அது வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை.