பேய்க்கு எதற்குக் கொடி?

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்கு என்று முடிவாகாமல், எங்கள் எல்லைப் பக்கம் முழுக்க ஊர்வலமும் மறியலுமாகக் கிடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. நகரியில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்திருந்தேன். பிறந்த வீடு திருத்தணிப் பக்கம். ஐந்தாவது வரை படித்தவள். அந்த வீட்டுப் பெண்களில் கடிதம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது நியாயமான தலைக்கனம்தான் என்று படித்து முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் எங்கள் நைனா, அதாவது என் அப்பா, என்னை அழைத்துப் போக வர வேண்டிய வாரத்தில் ரயிலை மறிக்கிறார்கள், பஸ் ஓடவில்லை என்று ஒரே அமளி. அவர் அங்கே, நான் இங்கே. அதற்குள் நாள் முந்திக்கொண்டு வலி வந்துவிட்டது. மாமியார் வீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்தது.

பிள்ளை பெற்றவளுக்கென்று அந்த வீட்டில் தெருவை ஒட்டி ஓர் அறை. காற்று பட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று ஜன்னலை அடைத்து, பலகை இடுக்குகளில் எல்லாம் பழந்துணியைத் திணித்துவிட்டார்கள். கதவும் சாத்தியே இருக்கும். பகலிலும் கும்மிருட்டு. பதினாறு நாள் தீட்டு. மாமியார் மட்டும் கதவைத் திறந்து பத்தியச் சோற்றை வைத்துவிட்டு, குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வேறு யாரும் உள்ளே வந்து உட்கார மாட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வினையும் இதில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் மங்கலாக ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தேன். ஆட்கள்! இரண்டு பேர், மூன்று பேர், கரிய நிழலாகச் சுவரில் நடந்து போனார்கள். கால் மேலே, தலை கீழே. போனவர்கள் திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். நான் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டது.

மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். “இன்னாடி ஆச்சு?”

“அத்தே, செவுத்துல ஆளுங்க நடந்துகினு கீறாங்க, தலைகீழா!”

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளைச் சுவர் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலையிலும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். நான் கூப்பிடுவேன், மாமியார் கதவைத் திறப்பார், அவர்கள் இருக்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். தலைமாட்டில் அரிவாள் வைத்தார்கள். பழஞ்செருப்பு ஒன்றும் துடைப்பம் ஒன்றும் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் எதற்கும் அசரவில்லை. தினமும் காலையில் வந்து, வெயில் ஏறியதும் போய்விட்டார்கள். ஆபீஸ் உத்தியோகம் போல நேரம் தவறவில்லை.

இதில் என்னைக் கலங்கடித்தது வேறொன்று. என் கணவரின் அண்ணனுக்கு ஒரு மனைவி உண்டு. எனக்கு முன்னால் அதே அறையில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவர். அவர் பயந்தார், புலம்பினார், ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதார் என்று புத்தூர்ப் பக்கம் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். குழந்தையை மட்டும் இங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான்கு வயதுப் பெண் அது. நான் வந்த நாள் முதல் என் கையால்தான் சோறு தின்னும். அதன் அம்மாவுக்குச் சித்தம் சரியில்லை என்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்று யாரும் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் மதியம், கதவுக்கு வெளியே மாமியார் பக்கத்து வீட்டம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

“பெரியவ பாத்த அதே செவுரு. அவளும் தலைகீழா நடக்கிறாங்கன்னுதான் கத்துனா. தேவுடா, ரெண்டு மருமவளையும் பிடிச்சிகிச்சே. தீட்டு கழிஞ்சதும் இவள திருப்பதிகிட்ட ஒரு மந்திரக்காரன் கீறானாம், அங்க இட்டுகினு போயி, அப்படியே அவங்க நைனா வூட்ல வுட்டுட வேண்டியதுதான். கொழந்தய நான் பசும்பால் குடுத்து வளத்துக்கிறேன். பெரியவ புள்ளய வளக்கல?”

அதுவரை பேய்க்குப் பயந்தவள், அந்த நிமிஷத்தில் பேயை மறந்தேன். மீதி ஏழு நாள். அதற்குள் அது என்னவென்று நான் கண்டுபிடிக்காவிட்டால் என் பிள்ளை என் பிள்ளை இல்லை. இன்னொன்றும் புரிந்தது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி பைத்தியம், அதுவும் ஒரே சுவரில், எப்படிப் பிடிக்கும்?

மறுநாள் காலை நான் கத்தவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தார்கள். வழக்கம்போலப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். திடீரென்று கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். பத்து, இருபது என்று எண்ண முடியவில்லை. கண்ணை மூடாமல் பார்த்தேன். பலர் கையில் நீளக் குச்சி. குச்சியின் நுனியில் ஏதோ படபடத்தது.

கொடி! பேய்க்கு எதற்குக் கொடி?

அதே நேரம் வெளியே தெருவில் கோஷம் கேட்டது. எல்லை ஊர்வலம். சத்தம் என் இடது கைப் பக்கமிருந்து வலப்பக்கம் போனது. சுவரில் நிழல்கள் வலமிருந்து இடமாகப் போயின. சத்தம் அடங்கியது, சுவரும் காலியானது. கொஞ்ச நேரம் கழித்துப் பழைய இரண்டு மூன்று பேர் மட்டும் திரும்ப வந்து முன்போலவே போய் வந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் தினமும் காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். நெசவுக்குப் போகும் நூலை நீளமாகத் தெருவில் கட்டி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கஞ்சி தடவியபடி நடந்துகொண்டே இருப்பார்கள். வெயில் ஏறினால் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரிலும் காலையில் மட்டும்தான் வெயில் அடிக்கும்.

என் பேய்கள் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தன!

ஜன்னலைப் பார்த்தேன். எல்லா இடுக்கிலும் துணி. ஆனால் மேல் பலகையில், உத்தரத்தின் நிழலில், மரத்தின் கணு கழன்று விழுந்த ஓட்டை ஒன்று தெரிந்தது. சுண்டு விரல் நுழையும். அவ்வளவு உயரத்தில், என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. எனக்குக் கை எட்டாது. கால்மாட்டில் துடைப்பம் இருந்ததே, அதை எடுத்து அடிக்கட்டையால் ஓட்டையை மூடினேன். சுவரில் ஒருவரும் இல்லை. எடுத்தேன். வந்துவிட்டார்கள். மூடினேன், போனார்கள். துடைப்பம் பேயை விரட்டும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான் போலும். பத்து நாளைக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

கதவைத் திறந்ததும் அவர்கள் ஏன் காணாமல் போனார்கள் என்பதும் விளங்கியது. திறந்த கதவின் வெளிச்சத்தில் அந்த மங்கல் நிழல் எங்கே தெரியும்? இருட்டில் கண் பழகி உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் அப்படி உட்காருகிறவள் பிள்ளை பெற்றவள் ஒருத்திதான்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மாமியாரை அழைத்து, “நீங்க வெளியவே நில்லுங்க அத்தே, தெருவுல யார் போறாங்கன்னு நான் உள்ளேருந்தே சொல்றேன்” என்றேன். அவர் தெருவாசலில் நிற்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். “இப்ப தலையில கூடையோட ஒருத்தி போறா. இப்ப ஒரு மாடு. இப்ப காலைச் சாய்ச்சி சாய்ச்சி ஒருத்தர் போறாரு, கையில குடை.”

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் வம்பு. “அடைச்ச ரூம்ல உக்காந்துகினு தெருவச் சொல்றாளே, உள்ள பூந்து பேசுது!” என்று மாமியார் அலறியதில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. சாயந்திரத்துக்குள் ஒரு அம்மா காணாமல் போன எருமை எந்தத் திசையில் போனது என்று என்னைக் கேட்டுவிட்டுப் போக வந்து நின்றார். பேய் பிடித்தவள் என்பது போய்க் குறி சொல்கிறவள் ஆகிவிட்டேன். தீட்டு கழியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், நாளை மறுநாளே திருப்பதிக்குக் கிளம்பலாம் என்று முடிவாயிற்று.

இனி வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, மாமியாரே பார்க்க வேண்டும். என் கணவர் சாது. என்னை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தும் அம்மாவை எதிர்த்துப் பேச வாய் வராமல் தறிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஜன்னல் பலகைக்கு அந்தப் பக்கம் அவர் வந்தபோது மெதுவாகக் கூப்பிட்டேன்.

“இன்னாங்க, நாளைக்கு அத்தை எனக்குக் கஞ்சி எடுத்துகினு உள்ள வந்ததும், நீங்க எதிர் வூட்டு வெள்ளச் செவுராண்ட போய் நில்லுங்க. ரெண்டு கையையும் மேல தூக்கிகினு நில்லுங்க. அவ்ளோதான்.”

“எதுக்கு?”

“உங்க புள்ள உங்களாண்ட இருக்கணும், நானும் இருக்கணும். அதுக்கு.”

மறுநாள் காலை மாமியார் கஞ்சியோடு உள்ளே வந்து குனிந்தார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். மாமியாரை எதிர்த்து நான் நிமிர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“இன்னாடி பண்றே? தீட்டுடி! கதவத் தொற!”

“ஒரு வாளி தண்ணி ஊத்திகினா தீட்டு போயிடும் அத்தே. என் புள்ள போனா எனக்கு வராது. வெத்தல போட்டு மெல்லுற நேரம் உக்காருங்க. அந்தச் செவுத்தப் பாருங்க.”

திட்டினார். அழுதார். ஏழுமலையானைக் கூப்பிட்டார். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. இருட்டு பழகியிருக்க வேண்டும். சுவரில் பாவுக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நிழல் மட்டும் நகராமல் நின்றது. கையைத் தூக்கச் சொன்ன மனுஷர் கையைத் தூக்கவே இல்லை! மறந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த நிழல் சும்மா நின்றது, அப்புறம் ஒரு கையை மடக்கி முதுகுப் பக்கம் கொண்டுபோய்ச் சொறிந்தது.

“ஏண்டி,” என்றார் மாமியார் மெதுவாக, “அது நம்ம பையன் இல்ல? சின்னப் புள்ளைலேருந்து ஒண்ணும் புரியலன்னா இப்படித்தான் முதுகச் சொறிவான்.”

“அவருதான் அத்தே.”

நான் துடைப்பத்தை எடுத்து ஓட்டையை மூடிக் காட்டினேன், திறந்து காட்டினேன். பிறகு அவர் கையிலேயே கொடுத்தேன். அவரும் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். மகன் போனான், வந்தான், போனான். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பெரியவளும் இதைத்தானே பாத்தா,” என்றார். அன்று அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், ஆனால் சாப்பிடவில்லை. மதியமே பெரிய மகனை அழைத்து, “புத்தூருக்குப் போ. கால்ல வுழுந்தாவது இட்டுகினு வா” என்று அனுப்பினார்.

அக்கா, அதாவது அந்தப் பெரிய மருமகள், வந்தபோது நான் தீட்டுக் கழிந்து எழுந்திருந்தேன். இளைத்து, கண் குழிந்து, பேசத் தயங்குகிறவராக இருந்தார். சொந்தப் பெண் அவரைத் தெரியாமல் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்தது. அதைப் பார்த்து அவர் அழவில்லை. மாமியார் கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை. “அந்த ரூமு எங்க?” என்று மட்டும் கேட்டார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு ஓடி, அவர் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரோரம் இங்குமங்கும் நடந்தேன். குழந்தையைக் கையை ஆட்டச் சொன்னேன். அது சிரித்துக்கொண்டே ஆட்டியது.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், சுவரில் குழந்தை கையாட்டிய இடத்தை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டு நின்றிருந்தார். “நாலு வருசமா எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சும்மா. நான் பொய் சொல்லல, இல்ல?” என்றார்.

“இல்லக்கா. நீங்க பாத்தது நெசம்தான்” என்றேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். பெண் ஒரு வாரத்தில் அவரை அம்மா என்று கூப்பிட்டது. மாமியாரிடம் அக்கா பேச வருஷம் ஒன்றுக்கு மேல் ஆனது, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஓட்டையை அடைக்க மாமியார் யாரையும் விடவில்லை. வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து, “எங்க சின்ன மருமவ கண்டுபுடிச்சது” என்று காட்டுவார். எருமையைத் தேடி வந்த அம்மாதான் எல்லோருக்கும் முந்தி வந்து பார்த்தார். பிற்பாடு எல்லை முடிவாகி என் பிறந்த ஊர் அந்தப் பக்கம், புகுந்த ஊர் இந்தப் பக்கம் என்று பிரிந்தது. காலேஜில் பாடம் நடத்தும் என் பேத்தி, இது கேமராவின் தத்துவம், சின்ன ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் வெளியே இருப்பதைத் தலைகீழாகக் காட்டும், படித்தவர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள் என்கிறாள். இருக்கட்டும். எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு, இருட்டறையில், ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு நானே கண்டுபிடித்தேன். அதில் எனக்குள்ள பெருமையை யாருக்கும் பங்கு தர மாட்டேன்.

அந்தியில் பனங்காட்டில் ஆள் நிற்கிறான், விடியலில் கண் விழித்தால் கட்டிலோரம் கரிய உருவம், கை கால் அசையவில்லை என்றெல்லாம் இன்றும் என்னிடம் வந்து சொல்கிறார்கள். பனங்காட்டு ஆள் பெரும்பாலும் பட்டுப்போன மரம். கட்டிலோர உருவம் உறக்கம் பாதி தெளியாத கண்ணின் வேலை என்று டாக்டர் ஒருவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரியாது. ஆனால் எதையோ பார்த்தேன் என்று ஒருத்தி நடுங்கிக்கொண்டு சொன்னால், கதவைத் திறந்து ஒன்றுமில்லையே என்று சொல்லிவிட்டு வர இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை. கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கும் இடத்தையே நானும் பார்க்கிறேன்.